எடை திரும்பி வந்த வருடம்

பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்த மருத்துவ முகாமில் பிள்ளைகளுக்கெல்லாம் எடை பார்த்து முடித்த பிறகு, நர்ஸ் என் பக்கம் திரும்பி, "டீச்சர், நீங்களும் ஒரு வாட்டி ஏறிடுங்களேன்" என்றார்.

செஞ்சியை அடுத்த வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளர். பாடம் நடத்துவதில்லை என்றாலும் பிள்ளைகளுக்கு நான் டீச்சர்தான். வீடு செஞ்சியில். தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அறுபது பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஊசிக்குப் பயப்படக் கூடாது, டாக்டருக்குப் பயப்படக் கூடாது என்று காலையிலிருந்து அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவளே நான்தான். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்து, எண் வாசிக்கத் தெரிந்த பெருமையில், "தொண்ணூத்தெட்டு!" என்று கத்தினாள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நர்ஸ் நோட்டில் எழுதவில்லை. "பாத்துக்குங்க டீச்சர்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

சமையல் கூடத்துக்குப் போய் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தேன். மூன்று வருடமாக நான் எடை பார்க்கவே இல்லை. வீட்டு எடை இயந்திரத்தைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டிருந்தேன். ஜாக்கெட் பிரிப்பதும், பஸ் சீட்டில் பக்கத்தில் உட்காருகிறவர் நகர்ந்து கொடுப்பதும் தெரியாமல் இல்லை. ஆனால் அதற்கு ஓர் எண் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

அந்த எண் ஏன் என்னை அப்படி உலுக்கியது என்று சொல்ல வேண்டும். எட்டு வருடத்துக்கு முன்னால் நான் நூற்று இருபத்தொரு கிலோ. சர்க்கரை இருந்தது, முட்டி தேய்ந்திருந்தது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எடை குறைக்கும் அறுவை செய்துகொண்டேன். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போன்ற ஒரு குழாயாக விட்டுவிடுவார்கள். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும், பசியும் குறையும். என் கணவர் ஏழுமலை நெல் அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். தன் பங்கில் இருந்த, வேர்க்கடலை போடும் மணிலாக் கொல்லையை விற்றுத்தான் அந்தப் பணத்தைக் கட்டினார்.

ஒன்றரை வருடத்தில் எழுபத்திரண்டுக்கு வந்தேன். கடைத்தெருவில் தெரிந்தவர்களே அடையாளம் தெரியாமல் கடந்து போனார்கள். சர்க்கரை மாத்திரை நின்றது. பிறந்ததிலிருந்து கீழே நின்றே பார்த்த ராஜகிரிக் கோட்டை மலைமேல், மகள் இலக்கியாவின் கையைப் பிடித்துக்கொண்டு உச்சிவரை ஏறினேன். "எங்க பண்ணீங்க, எவ்ளோ ஆச்சு" என்று வீடு தேடி வந்து கேட்டார்கள். ஊரில் எனக்குப் பெயரே 'ஆபரேஷன் டீச்சர்' என்று ஆகிப்போனது.

அறுவை முடிந்தபோது எங்கள் சர்ஜன் அம்மா இரண்டு விஷயம் சொன்னார். சத்து மாத்திரைகளை ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது. வருடம் ஒரு முறை வந்து காட்ட வேண்டும். இரண்டு வருடம் ஒழுங்காகப் போனேன். மூன்றாம் வருடம் போக வேண்டிய சமயத்தில் நான்கு கிலோ ஏறியிருந்தது. அந்த நான்கைக் குறைத்துவிட்டுப் போகலாம் என்று தள்ளிப்போட்டேன். நான்கு ஏழானது. ஏழைக் குறைத்துவிட்டு என்றேன். ஏழு பன்னிரண்டானது. பிறகு போவதைப் பற்றி நினைப்பதையே விட்டுவிட்டேன். மாத்திரைச் சீட்டு பழசானதும் மருந்துக் கடைக்காரர் புதுசு கேட்டார். அதோடு மாத்திரையும் நின்றது.

மூட்டை மூட்டையாகத் தின்றேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்றும் மூன்றாவது இட்லி எனக்கு இறங்காது. ஆனால் பிஸ்கட் இறங்கும். மிக்சர் இறங்கும். டீயில் நனைத்த வர்க்கி இறங்கும். கெட்டியான சோறும் குழம்பும் நெஞ்சில் அடைக்கும். கரைந்து போகிற பண்டம் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். காலையிலிருந்து இரவுவரை கொஞ்சம் கொஞ்சமாக வாய் அரைத்துக்கொண்டே இருந்தது. தட்டைப் பார்க்கிற யாருக்கும் அது தெரியாது. எனக்கே பாதிதான் தெரிந்தது.

முகாம் நடந்த அந்த வாரமே ஒரு முட்டாள்தனம் செய்தேன். கடைத்தெருவில் நான் துணி தைக்கக் கொடுக்கும் இடத்தில் ஒரு பெண் பழக்கம். எடை குறைக்கும் பவுடர் விற்பாள். மூன்று வேளையும் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், வேறு எதுவும் கூடாது என்றாள். டப்பா டப்பாவாக வாங்கி வந்தேன். கணவர் அப்போது அறுவடைக்காகத் தஞ்சாவூர்ப் பக்கம் போயிருந்தார். கேட்க ஆளில்லை. கொல்லையை விற்ற மனிதர் திரும்பி வருவதற்குள் குறைத்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணமெல்லாம்.

குறைந்தது. பரணிலிருந்து இயந்திரத்தை இறக்கி, காலையில் ஒரு முறை, சாயந்திரம் ஒரு முறை ஏறினேன். ஆறு வாரத்தில் எண்பத்தேழு. நடுவில் நான்காம் வாரம் வாந்தி தொடங்கியது. அதற்குக்கூடச் சந்தோஷப்பட்டேன், வாந்தி எடுத்தால் இன்னும் குறையும் அல்லவா? இலக்கியா திண்டிவனத்தில் பி.காம் படிக்கிறாள். "இன்னாம்மா, டெய்லி வாந்தி எடுக்கிற?" என்பாள். "பித்தம்டி" என்பேன்.

ஐந்தாம் வாரம் பாதம் மரத்தது. தரையில் நடந்தால் பஞ்சு மூட்டைமேல் நடப்பதுபோல் இருந்தது. ஆறாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, முட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். மதிய உணவுக்கு எத்தனை முட்டை அவித்தது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். இரண்டு முறை எண்ணியும் வந்திருந்த பிள்ளைகளைவிட அதிகமாக வந்தது. அட்டையில் ஒவ்வொரு முட்டைக்குப் பக்கத்திலும் இன்னொரு முட்டை லேசாக ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரு கண்ணை மூடினேன், அது போய்விட்டது. திறந்தேன், வந்துவிட்டது.

சமையலர் அஞ்சலை என் முகத்துக்கு நேராகக் குனிந்து பார்த்தாள்.

"டீச்சர், கண்ணு இன்னா ஒரு மாதிரி ஓடுது? கடியார முள்ளு மாதிரி ஆடுது பாருங்க."

"தூக்கம் இல்ல அஞ்சலை."

"தூக்கம் இல்லாட்டி கண்ணு செவக்கும். ஆடாது. கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க."

வீட்டுக்குத்தான் கிளம்பினேன். செஞ்சி பஸ் நிலையத்தில் இறங்கும்போது படி இரண்டாகத் தெரிந்தது. இல்லாத படியில் காலை வைத்தேன். விழுந்தவளைக் கண்டக்டரும் பூக்காரம்மா ஒருவரும் தூக்கி, ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

அங்கே இருந்த டாக்டர் நிதானமானவர். எத்தனை நாளாக வாந்தி, என்ன சாப்பிட்டீர்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, "முன்னாடி எதுனா ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களாம்மா?" என்றார்.

"ஒண்ணும் இல்ல சார்."

இதைத்தான் நான் எழுத வேண்டும் என்று நினைத்தேன். மற்றதெல்லாம் இதைச் சொல்வதற்காகத்தான். எட்டு வருடத்துக்கு முன் ஆபரேஷன் செய்தவள், எண்பத்தேழு கிலோவில் அவர் முன்னால் படுத்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்? வயிற்றில் ஐந்து சின்னத் தழும்புகள், அரிசி அளவு, மங்கிப்போய். அவர் கண்ணில் படவில்லை. வாந்தியில் உடம்பு வறண்டிருக்கிறது என்று குளுக்கோஸ் ஏற்றினார். அவர்மேல் தப்பே இல்லை. அவர் கேட்டார். நான் பொய் சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு ஞாபகம் இல்லை. இலக்கியா சொன்னதுதான்.

அவள் கல்லூரியிலிருந்து ஓடி வந்தபோது நான் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தேனாம். அவளைப் பார்த்து, "வாடி கஸ்தூரி, எப்ப வந்த?" என்றேனாம். கஸ்தூரி என் அக்கா. இறந்து பதினொரு வருடம் ஆகிறது. "காலைல சந்தைக்குப் போயி வெண்டக்கா வாங்கியாந்தேன், நறுக்கி வெச்சிருக்கேன்" என்றும் சொன்னேனாம். வெறி பிடித்தவள் மாதிரி இல்லை, வெகு சாதாரணமாக, சிரித்த முகமாக. அதுதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்ததாம்.

இலக்கியா டாக்டர் அறைக்குள் கேட்காமலே நுழைந்துவிட்டாள்.

"சார், எங்கம்மா ஒங்ககிட்ட எதுனா மறைச்சிச்சா? எட்டு வருசத்துக்கு முன்னாடி அதுக்கு வயித்த வெட்டி எட கொறைக்கிற ஆபரேஷன் பண்ணியிருக்குது. ஒன்ற மாசமா வெறும் பவுடரக் குடிச்சிக்கினு இருக்குது. மாத்தரையெல்லாம் எப்பவோ நிறுத்திடிச்சி."

டாக்டர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்ததாம். தானே வந்து குளுக்கோஸை நிறுத்தினார். கைவசம் இருந்த ஒரு சத்து ஊசியைப் போட்டார். புதுச்சேரிக்குப் போன் செய்து, என் பழைய ஆஸ்பத்திரியிலேயே இடம் சொல்லி, ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்தார். "நீ சொன்னதாலதாம்மா தெரிஞ்சிது" என்று அவளிடம் சொன்னவர், அவளை உட்காரவைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாராம்.

என்ன நடந்தது என்று பிறகு ஒரு சின்ன டாக்டர் எனக்கு விளக்கினார். உடம்பு சர்க்கரையைப் பயன்படுத்த பி ஒன் என்ற ஒரு வைட்டமின் வேண்டும். அதை உடம்பு நிறைய சேர்த்து வைக்காது. உள்ளே போவது நின்றால் சில வாரங்களில் தீர்ந்துவிடும். இரைப்பை சிறிதானவர்கள் பட்டினி கிடந்து வாந்தியும் எடுத்தால் இன்னும் வேகமாகத் தீரும். முதலில் அடி வாங்குவது மூளையும் நரம்பும். கண் ஆடும், கால் தள்ளாடும், நினைவு குழம்பும். அந்த நேரத்தில் வைட்டமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால், மிச்சம் மீதி இருப்பதும் அதை எரிக்கவே செலவாகிவிடும். "இன்னும் ஒரு நாள் ஆகியிருந்தா?" என்று கேட்டேன். அவர் என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

எனக்கு முதலில் திரும்பி வந்த ஞாபகம் மின்விசிறி. மேலே இரண்டு விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. மஞ்சள் நிற மருந்து ஒன்று சொட்டுச் சொட்டாகக் கையில் இறங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த இரண்டும் மெதுவாக நகர்ந்து வந்து ஒன்றாயின. பக்கத்தில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். தலையில் வைக்கோல் தூசி. தஞ்சாவூரிலிருந்து மெஷினை வயலிலேயே விட்டுவிட்டு, போட்டிருந்த சட்டையோடு பஸ் ஏறியிருக்கிறார்.

நான் கண் திறந்ததைப் பார்த்ததும், "சாப்டியா?" என்றார்.

வேறு எதுவும் கேட்கத் தெரியாத மனிதர். கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. தலையைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்க அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. செத்துப்போகப் போகிறேன் என்று அப்போது நிச்சயமாக நம்பினேன்.

"கொல்லைய வித்தீங்களே" என்றேன்.

"ஏ, கம்முனு படு. இப்ப எவன் கொல்லையக் கேட்டான்?"

அங்கே பதினாறு நாள் இருந்தேன். கண் ஐந்தாவது நாளே சரியாகிவிட்டது. பயம்தான் நாளுக்கு நாள் கூடியது. முதல் பயம் என் தலையைப் பற்றியது. காலையில் வரும் டாக்டர் மூன்று வார்த்தை சொல்வார். ஐந்து நிமிடம் வேறு ஏதோ பேசிவிட்டு, அந்த மூன்றையும் திருப்பிச் சொல்லச் சொல்வார். முதல் நாள் மாம்பழம், சாவி, ஆறு. மாம்பழமும் ஆறும் வந்தன. நடுவில் இருந்தது வரவே இல்லை. கிணற்றில் வாளி விழுந்த மாதிரி அந்த இடம் காலியாக இருந்தது. "பரவால்லம்மா" என்று அவர் போய்விட்டார். நாள் முழுக்க மாம்பழம், சாவி, ஆறு என்று மனப்பாடம் செய்தேன். மறுநாள் வந்து குதிரை, மெழுகுவர்த்தி, பச்சை என்றார். நான் அழுதுவிட்டேன். பள்ளிக்கூடத்துப் பதிவேடு, இருப்பில் இருக்கும் பருப்பு எண்ணெய் அளவு, முந்நூறு பிள்ளைகளின் பெயர் எல்லாம் என் தலையில்தான் இருந்தன. அந்தத் தலை போய்விட்டால் நான் யார்?

மூளைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு குழாய்க்குள் படுக்கவைத்துத் தள்ளுவார்கள். உள்ளே யாரோ தகரத்தை அடிப்பதுபோல் சத்தம் வரும், அசையக் கூடாது. என் தோள் இரண்டு பக்கமும் இடித்தது. நூற்று இருபத்தொரு கிலோவில் இருந்தால் இதற்குள் நுழைந்தே இருக்க முடியாது என்று தோன்றியது. அப்படியும் உள்ளே இருந்த நேரமெல்லாம், வெளியே இழுக்க மறந்துவிடுவார்களோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன்.

என் கணவர் தினமும் என் பாதத்தைப் பிடித்துவிடுவார். கட்டைவிரலை அழுத்தி, "தெரியுதா?" என்பார். "தெரியல." அடுத்த விரல். "தெரியுதா?" "தெரியல." பத்து விரலும் முடித்துவிட்டு, "செரி, நாளைக்குப் பாக்கலாம்" என்று லுங்கியில் கையைத் துடைத்துக்கொள்வார். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ வலது கட்டைவிரலில் ஏதோ எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. சொன்னேன். அவர் அந்த விரலை விடவே இல்லை. நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாவது பயம் சர்ஜன் அம்மாவைப் பார்ப்பது. ஐந்து வருடத்துக்கும் மேல் ஏமாற்றிவிட்டு அவர் ஆஸ்பத்திரியிலேயே படுத்திருக்கிறேன். அவர் செருப்புச் சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வேன். நான்காம் நாள் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"தமிழரசி, முழிச்சிக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

கண்ணைத் திறந்தேன். "மன்னிச்சிடுங்கம்மா" என்றேன். "நீங்க கஷ்டப்பட்டுப் பண்ணத நான் வீணாக்கிட்டேன்."

"எட ஏறினதுக்கா மன்னிப்பு? நிறையப் பேருக்கு வருஷம் போகப் போகக் கொஞ்சம் திரும்ப ஏறும். உடம்பு பழைய எடைக்குப் போகத்தான் பாக்கும். அது அதோட வேல. நான் பண்ணது வயித்துல ஆபரேஷன், தலையில இல்ல, உங்க வீட்டு அடுப்புல இல்ல. ஏறும்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் வருஷா வருஷம் வாங்கன்னேன்." போர்வையை என் கால்மேல் இழுத்துவிட்டார். "வராம இருந்தீங்க பாருங்க, அதுக்கு வேணும்னா மன்னிப்புக் கேளுங்க."

அதன்பிறகு அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாய் வழியாகக் கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டு உள்ளே பார்த்தார்கள். சுண்ணாம்புத் தண்ணீர் போன்ற ஒன்றைக் குடிக்கவைத்து, அது இறங்குவதை எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். இரைப்பைக் குழாய் கொஞ்சம் விரிந்திருந்தது, பெரிதாக இல்லை. தைராய்டு சரியாக இருந்தது. இரும்புச் சத்தும் பி பன்னிரண்டும் அடிமட்டம். சர்க்கரை திரும்பி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுபடி ஆபரேஷனா என்று கேட்டேன். இன்னொரு விதமாகக் குடலோடு இணைக்கும் அறுவை உண்டு என்றார். வாரம் ஒரு ஊசியாகப் போட்டுப் பசியை அடக்கும் மருந்துகளும் வந்திருக்கின்றன. "ரெண்டும் இப்ப வேணாம். மொதல்ல நரம்பு தேறணும். சாப்பாட்டைச் சரி பண்ணுவோம். ஆறு மாசம் கழிச்சி நீங்களும் நானும் உக்காந்து முடிவு பண்ணலாம்."

ஆறு மாதம் கழித்து என்று அவர் சொன்னதுதான் என் காதில் நின்றது. அப்படியானால் நான் இருப்பேன்.

மூன்றாவது பயம் நான் எதிர்பார்க்காதது. பன்னிரண்டாம் நாள், பயிற்சி கொடுக்கும் பெண் என்னை வராந்தாவில் நடக்கவைத்தாள். நான்கு கால் வைத்த ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி ஒவ்வோர் அடியாக. இலக்கியா பக்கத்தில் வந்தாள். அவளும் பருமனான பெண். சின்ன வயதிலிருந்தே என் உடல்வாகு. வராந்தா முனையில் மூச்சு வாங்க நாங்கள் இருவரும் உட்கார்ந்தபோது, அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ம்மா, அந்தப் பவுடரு நானும் குடிச்சேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"ஒன் டப்பாலேர்ந்துதான் எடுப்பேன். காலேஜிக்கு பாட்டில்ல கரைச்சி எடுத்துனு போவேன். மூணு வாரமா. நீ கொறைஞ்சிக்கினே வந்தல்ல, நல்லதாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

டப்பா சீக்கிரம் தீர்கிறதே, அளவு தெரியாமல் போடுகிறோமோ என்று நான் என்னையே திட்டிக்கொண்டிருந்த நாட்கள் ஞாபகம் வந்தன. என் கண் ஆடியபோது வராத பயம், என் நினைவு தவறியபோது வராத பயம், அப்போது வந்தது. அவள் கண்ணைப் பிடித்துப் பார்த்தேன். "இங்க பாரு. என் விரலப் பாரு. ரெண்டாத் தெரியுதா? காலு மரக்குதா? வாந்தி எடுத்தியா?"

"இல்லம்மா. எனக்கு ஒண்ணும் இல்ல. வுடும்மா."

விடவில்லை. சட்டத்தை அங்கேயே போட்டுவிட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நர்ஸ் இருந்த இடம்வரை நடந்தேன். அதுதான் நான் சட்டம் இல்லாமல் நடந்த முதல் நடை. சாயந்திரமே அவளுக்கு ரத்தம் எடுத்தார்கள். அறுவை செய்யாத வயிறு, மதியம் கல்லூரித் தோழிகளோடு சோறும் சாப்பிட்டிருக்கிறாள். பெரிய குறை இல்லை என்று மறுநாள் வந்தது. அந்த ஓர் இரவை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

சர்ஜன் அம்மாவிடம் அவளையும் கூட்டிப் போனேன். இலக்கியா அவரிடம் நேரடியாகக் கேட்டாள்: "ஆபரேஷன் பண்ணியே எங்கம்மாவுக்கு ஏறிடிச்சே, எனக்கு மட்டும் எப்பிடி டாக்டர் கொறையும்?"

"உங்கம்மா தனியாப் போராடினாங்க. நீங்க தனியாப் பண்ண வேணாம், அதான் வித்தியாசம்" என்றார். உணவு ஆலோசகர் எங்கள் இருவருக்கும் சேர்த்தே எழுதிக் கொடுத்தார். முதலில் முட்டை, பருப்பு, சுண்டல், மீன், அதன்பிறகுதான் சோறு. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, அரை மணி கழித்துத்தான். டீயில் சர்க்கரை இல்லை, கூட எதுவும் இல்லை. வாயில் போடுவது எதுவானாலும், ஒரு மிக்சர் துணுக்கானாலும், நோட்டில் எழுத வேண்டும். மாத்திரை ஆயுசுக்கும். எடை வாரம் ஒரு முறை மட்டும்.

வீட்டுக்கு வந்ததும் எடை ஏறியது. எண்பத்தேழிலிருந்து இரண்டு வாரத்தில் தொண்ணூற்றொன்று. அந்தப் பவுடர் பெண்ணின் எண் இன்னும் போனில் இருந்தது. விரல் அதுவரை போனது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். இலக்கியாவைக் கூப்பிட்டுப் போனை அவள் கையில் கொடுத்தேன். அவள் அந்த எண்ணை அழித்துவிட்டு உணவு ஆலோசகரை அழைத்தாள். வறண்ட உடம்புக்குத் தண்ணீரும், கரைந்த தசையும் திரும்பி வருகின்றன, இது கொழுப்பு அல்ல, பயப்பட வேண்டாம் என்றார் அவர். பயந்தேன். பயந்துகொண்டே பருப்பு சாப்பிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குப் போனேன். என் கணவர் ஒரு போகம் அறுவடைக்குப் போகவில்லை. காலையில் பைக்கில் கொண்டுபோய் விட்டார். அஞ்சலை அறைக்கு அறை எனக்கு ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருந்தாள். எடை அரை கிலோ இறங்கும், மூன்று வாரம் அசையாது, கால் கிலோ ஏறும். ஆறு மாதத்தில் எண்பத்தாறு. ஊசி மருந்தை அப்போதுதான் சர்ஜன் அம்மா தொடங்கினார், குறைந்த அளவில். எழுபத்திரண்டு திரும்ப வருமா என்று கேட்டேன். "வரலாம், வராமலும் போகலாம். சர்க்கரை போயிடுச்சி, நடக்கிறீங்க. அதைக் காப்பாத்துவோம்" என்றார். எடை பார்க்கும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் எனக்கு நெஞ்சு அடிக்கிறது. இது ஒரு நாள் நிற்கும் என்று நான் இப்போது நினைப்பதில்லை.

போன மாதம் எட்டாவது தடவையாகப் புதுச்சேரிக்குப் போயிருந்தேன். காத்திருக்கும் இடத்தில் என் பக்கத்தில் ஒரு பெண், முப்பது வயதிருக்கும். சுடிதார் தோளில் தொளதொளவென்று தொங்கியது. அறுவை செய்து நான்கு மாதமாம். இருபத்தாறு கிலோ குறைந்துவிட்டதாம். பழைய போட்டோவை எடுத்துக் காட்டினாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அன்பாகத்தான், "நீங்க எப்பக்கா பண்ணிக்கப் போறீங்க? பயப்படாதீங்க, ஒண்ணுமே தெரியாது" என்றாள்.

'அடுத்த மாசம்' என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அவ்வளவு சுலபமாக நாக்கின் நுனியில் வந்து நின்றது.

"நான் பண்ணி எட்டு வருஷத்துக்கு மேல ஆச்சும்மா" என்றேன்.

அவள் முகம் அணைந்துபோனது. போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "அப்ப எனக்கும் ஏறுமா?" என்றாள்.

"ஏறலாம். ஏறாமலும் இருக்கலாம்."

"ஏறினா இன்னாக்கா பண்றது?"

"ஏறின அன்னிக்கே இங்க வந்துடு. கொறைச்சிட்டு வரலாம்னு நெனைக்காத. எவ்ளோ ஏறியிருந்தாலும் அப்பிடியே வா."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்றிருந்தது, என்னுடையதும் அப்படித்தான். உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது முறை கூப்பிட்ட பிறகுதான் அவள் விட்டாள்.